பொன்னுரங்கம் வேலையைத் திருப்பிக் கொடுத்த நாள்

அந்த நாட்டில் வெளியூர்க்காரன் செய்யும் எந்த வேலையும் உள்ளூர்க்காரர் ஒருவரிடமிருந்து எடுத்த வேலை என்பது சட்டம். ஆகவே மன்னார்குடிப் பொன்னுரங்கம் தன் பரோட்டா மாஸ்டர் வேலையைக் கட்டைப்பையில் வைத்துத்தான் கடைக்குக் கொண்டுபோவான். ஈரத்துணியில் சுற்றி வைத்தால் சாயங்காலம்வரை காயாது.

ஒரு புதன்கிழமை சட்டம் மாறியது. எடுத்த வேலையை உடையவரிடம் கொடுத்துவிட்டு எல்லாரும் மாலைக்குள் நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். பொன்னுரங்கம் கல்யாணமான கையோடு விட்டுவந்த பெண்டாட்டி செண்பகம் அன்று மாலை விமானத்தில்தான் வருகிறாள். அவள் வந்து இறங்க, இவன் ஏறிப் போக, இதென்ன கண்ணாமூச்சி விளையாட்டா?

விசாரித்ததில், அவன் வேலைக்கு உடையவர் ஓல்மர் என்ற உள்ளூர்ப் பெரியவர். ஒரு லிஃப்டில் குடியிருந்தார். எட்டாவது மாடியில் அவரைப் பிடித்துப் பையைத் திறந்து காட்டினான். வேலை இன்னும் சூடாக இருந்தது. ஓல்மர் ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.

"எனக்கு எதுக்குப்பா இந்த வேண்டாத வேலை?" என்றார், சுத்த மதுரைத் தமிழில். அந்த நாட்டில் அது சகஜம்.

"உங்களோடதுதான் ஐயா. உங்ககிட்டேருந்து எடுத்ததாம்."

"நான் எதையும் தொலைக்கவே இல்லையே."

பிடிவாதமாக அவர் மடியில் வைத்தான். கடலைச் செடியைப் பிடுங்கினால் கொத்தாக வருமே, அப்படி அந்த வேலையின் அடியில் வேறு வேலைகளும் தொங்கிக்கொண்டு வந்தன. எல்லாம் உள்ளூர்க்காரர்களுடையவை. பின்னாலேயே மாவுக்கடைக்காரர் வந்தார். அவன் தினமும் ஏறும் பஸ்ஸின் டிரைவர், கழன்ற ஸ்டியரிங்கோடு வந்தார். வீட்டுக்காரம்மா அவன் குடியிருந்த அறையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். யாருக்கும் கோபமில்லை. இனி வேறு சோலி இல்லாததால் வழியனுப்ப வருகிறோம் என்றார்கள். பொன்னுரங்கத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

விமான நிலையத்தில் வெளியேறும் வாசலில் ஓர் அதிகாரி அம்மாள் இருந்தார். வெளியூர்க்காரன் ஒருவன் போகப் போக அவர் மேஜை குட்டையாகிக்கொண்டே வந்ததாம். பொன்னுரங்கம் கடைசி ஆள். அவன் போய் நின்றபோது மேஜை மணைக்கட்டை அளவுக்கு வந்திருந்தது. அவர் அதன் முன்னால் குந்தியிருந்தார். கிளம்புகிறவன் தன் வாயால் இயந்திரத்திடம் சொன்னால்தான் முத்திரை விழும் என்றார்.

"போறேன்னு சொல்லுங்க."

கிளம்பும்போது எவனாவது அந்த வார்த்தையைச் சொல்வானா? போறேன் என்றால் போனவன் போனவன்தான். அதுவும் பெண்டாட்டி வந்து இறங்கும் நேரத்தில்! கையைக் கூப்பி, வாய்க்குப் பழகியதைச் சொன்னான்.

"போயிட்டு வர்றேன் மேடம்."

இயந்திரம் கொஞ்சம் யோசித்தது. போயாகிவிட்டதாம், இப்போது வருகிறானாம். 'வருகை' என்று முத்திரை குத்தியது.

மேஜை ஒரு சாண் உயர்ந்தது. அம்மாள் அதைப் பார்த்தார். முழங்கால் லேசாக நிமிர்ந்ததில் அவர் முகமே மலர்ந்துவிட்டது.

"மத்தவங்ககிட்டயும் சொல்லிக்குங்க" என்றார் அன்பாக.

ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டான். ஒவ்வொன்றுக்கும் ஒரு வருகை விழுந்தது. டிரைவர் கையில் ஸ்டியரிங் தானாகத் திரும்பியது. மாவுக்கடைக்காரர் தும்மியதில் மாவு பறந்தது. வீட்டுக்காரம்மா அறையை இறக்கி வைத்துப் பெருக்கத் தொடங்கினாள். ஓல்மர் பையை அவன் காலடியில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். உடையவர் பார்த்துக்கொண்டிருந்தால் எடுத்ததாகாதே.

புதிதாக வந்தவர்கள் அந்தப் பக்கம் என்று அம்மாள் கை காட்டினார். போய் வரிசையில் நின்றான். அவனுக்கு முன்னால் பெட்டியோடு நின்றவள் திரும்பிப் பார்த்தாள். செண்பகம். பயணத்தில் வாடிய முகம் சட்டென்று சிரித்தது.

"என்னங்க, நீங்க எப்ப வந்தீங்க?"

"இப்பத்தான்" என்று சொல்லி அவள் பெட்டியை வாங்கிக்கொண்டான்.