மூன்றாவது பந்து

வார்டுக் கதவின் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்த மூத்தவருக்கு வயிறு எரிந்தது. உள்ளே கட்டிலில் சாய்ந்திருந்த சகலை, மூச்சுப் பயிற்சிக் கருவியின் குழாயை வாயில் வைத்து இழுத்ததும் மூன்று பந்துகளும் மேலேறி நின்றன. அதே கருவி மூத்தவர் வீட்டிலும் இருக்கிறது. ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு வருஷமாக இழு இழு என்று இழுத்தும் இரண்டாவது பந்து லேசாக ஆடுவதோடு சரி.

அக்காள் தங்கையைக் கட்டியவர்கள், ஒரே பேண்டில் ட்ரம்பெட் வாசித்தவர்கள், ஒரே தீக்குச்சியில் சிகரெட் பற்றவைத்தவர்கள். நோயும் சொல்லி வைத்தாற்போல இருவருக்கும் வந்தது. மூத்தவருக்கு இடது நுரையீரலை முழுசாக எடுத்தார்கள். சகலைக்குக் கட்டி இருந்த துண்டை மட்டும் வெட்டியெடுத்து, மூச்சுக்குழாயைச் சேர்த்துத் தைத்து, மீதியைக் காப்பாற்றிவிட்டார்கள். உங்களுக்குக் கட்டி இருந்த இடம் அப்படி என்று டாக்டர் பொறுமையாகத்தான் விளக்கினார். புரியாமல் இல்லை. ஆனாலும் எரிந்தது. இப்போது மூத்தவர் ட்ரம்பெட்டை விட்டுவிட்டுப் பேண்டில் தாளம் தட்டுகிறார். அவருடைய முதல் ட்ரம்பெட் நாற்காலியில் சகலை இதுவரை உட்காரவில்லை, அண்ணன் வரட்டும் என்று பக்கத்து நாற்காலியிலேயே இருந்துவிட்டார். இவ்வளவு மூச்சு இருக்கும்போது இனி யாருக்காகக் காத்திருக்க வேண்டும்? சகலை பிழைத்து வரவேண்டும் என்று ஆபரேஷன் அன்று அழுததும் இதே மனசுதான் என்பதை நினைக்க அவருக்கே வெட்கமாக இருந்தது.

உள்ளே போனார்.

"என்ன சகல, பந்து ஏறுதா?"

"எங்கண்ணே. ஒண்ணுதான் ஏறுது. ரெண்டாவது சும்மா ஆடுது, உங்களுக்கு மாதிரியே." சகலை இழுத்தும் காட்டினார். நடிப்பு சுமார்தான்.

மூத்தவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கதவுல கண்ணாடி இருக்குப்பா."

சகலை தலையைக் குனிந்துகொண்டார். "உங்க முன்னாடி எப்படிண்ணே..."

"எனக்கு வயிறு எரியத்தான் செய்யுது. இல்லன்னு சொல்லல. அதுக்காக நீ எனக்குப் பிச்சை போடாத. ஒழுங்கா இழு."

சகலை இழுத்தார். மூன்று பந்துகளும் ஏறின. மூத்தவரின் விரல் தன்னையறியாமல் கட்டில் கம்பியில் தாளம் தட்டத் தொடங்கியது. கடைசித் தட்டு விழும்வரை ட்ரம்பெட்காரர் மூச்சை அறுத்துவிடக்கூடாது என்பது அவர்கள் பேண்டின் சட்டம். ஒரு காலத்தில் அதைப் போட்டவரே அவர்தான். ஒன்று, இரண்டு, மூன்று தட்டுகள் விழுந்தன. சகலையின் கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் நீர் கட்டியது, ஆனாலும் பார்வை அந்த விரலை விட்டு நகரவில்லை.

கடைசித் தட்டுக்கு உயர்ந்த விரல் கம்பிக்கு மேலே அப்படியே நின்றது. மூன்றாவது பந்தும் இறங்காமல் நடுங்கிக்கொண்டிருந்தது.