சாரல் வேர்ல்டா, நீலமுத்துவா

நீலாம்பாள் ஒரு காரியத்தை நேராகக் கேட்டு விஜயஸ்ரீ பார்த்ததில்லை. கணவன் கோமதிசங்கரின் வீட்டாரே அப்படித்தான். சோற்றுக்கு மோர் வேண்டுமென்றால், "இப்பல்லாம் பால்காரன் ஒழுங்கா வாரானா?" என்று ஆரம்பிப்பார்கள். பெண் பார்க்க வந்த அன்று, பிடித்திருக்கிறது என்று ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை. அம்பாசமுத்திரத்தில் எந்த மண்டபத்தில் ஜெனரேட்டர் உண்டு என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். அதுதான் சம்மதம் என்று விஜயஸ்ரீயின் அப்பாவுக்கு விளங்க இரண்டு நாள் ஆயிற்று.

அதனால்தான் அந்த வெள்ளிக்கிழமை அவள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கோமதிசங்கரின் தலைத்திவசம் முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. பாளையங்கோட்டையிலிருந்து அவனுடைய அக்கா நீலாம்பாளும் அவள் கணவர் குமரகுருபரனும் வந்திருந்தார்கள். காபி குடித்தார்கள். பிறகு நீலாம்பாள் கைப்பையிலிருந்து ஒரு வழவழப்பான வண்ணத் தாளை எடுத்து மேசையில் விரித்தாள். நீலமுத்து வாட்டர் பார்க். நாகர்கோவில் நாலு வழிச் சாலை.

"வருசப் பாஸு போடுதாங்களாம்ளா. நம்ம வீட்டுலேருந்து ஆறே கிலோமீட்டர்" என்றாள். "ஞாயித்துக்கிழமையானா பிள்ளை என்ன செய்வா பாவம்? நீ நூலகத்துல இருப்ப."

"பிள்ளை பாஸோட பெரிய ஆளு ஒருத்தர் பேரு சேத்துப் போடணுமாம். வருசம் பூரா மாத்த முடியாது" என்றார் குமரகுருபரன், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு. "எங்களுக்கு என்ன சோலி? யார் பேரு வேணாலும் போடலாம்."

"பக்கத்துலயே நல்ல ஸ்கூலு இருக்கு. வேனு வாசலுக்கே வருது" என்று நீலாம்பாள் சன்னலைப் பார்த்துச் சொன்னாள். "சும்மா சொல்லுதேன்."

அவ்வளவுதான். மகள் சுகிர்தாவை ஆறாம் வகுப்பிலிருந்து எங்கள் வீட்டில் விடுகிறாயா என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் கேட்டாகிவிட்டது.

நீலாம்பாளுக்குப் பிள்ளை கிடையாது. கெட்ட மனசுக்காரியும் கிடையாது. தம்பி மாரைப் பிடித்துக்கொண்டு பேங்க் வாசலிலேயே விழுந்து போன பிறகு, இந்த ஒரு வருடத்தில் மாதம் தவறாமல் வந்து போனவள் அவள் ஒருத்திதான். அதனாலேயே முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்ல விஜயஸ்ரீக்கு வாய் வரவில்லை. பன்னிரண்டு வருடத்தில் அவளும் அந்த வீட்டுப் பேச்சைக் கொஞ்சம் கற்றிருந்தாள்.

"இங்கன சாரல் வேர்ல்டுலயும் போடுதாங்க மதினி. ரெண்டையும் ஒப்பிட்டுப் பாத்துட்டுச் சொல்லுதேன்."

"பாரு, பாரு. அதுல நீ கெட்டிக்காரின்னு தம்பி சொல்லுவான்."

"எங்க வீட்டுல கத்திரிக்காயக்கூட ஒப்பிட்டு வாங்கத் தெரியாது" என்றார் குமரகுருபரன்.

"மாப்பிள்ளையையே ஒப்பிட்டுப் பாக்காமத்தான எங்க அப்பா முடிச்சாங்க" என்றாள் நீலாம்பாள்.

கூடத்தின் மூலையில் பாய் மேல் படம் வரைந்துகொண்டிருந்த சுகிர்தா சிரிக்கவில்லை. தலையையும் தூக்கவில்லை.

விஜயஸ்ரீ கிளை நூலகத்தில் நூலகர். வெள்ளிக்கிழமை விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை வேலை. பள்ளி நடக்கும் மாதங்களில் மகளுக்கு விடுமுறையான நாள் அவளுக்கு விடுமுறையாக வாய்த்ததில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான், சுகிர்தாவுக்கு எட்டு வயதானபோது, சம்பள நிலுவை கையில் வந்ததும், அப்பாவுக்கும் மகளுக்கும் சாரல் வேர்ல்டில் வருடப் பாஸ் எடுத்துக் கொடுத்தாள். சும்மா எடுத்துவிடவில்லை. பழைய டைரியின் கடைசிப் பக்கங்களில் கோடு போட்டு, இடப்பக்கம் சாரல் வேர்ல்ட், வலப்பக்கம் நீலமுத்து என்று தலைப்பிட்டு, தூரம், பஸ் கட்டணம், சறுக்குகளின் எண்ணிக்கை, வெளிச் சாப்பாடு அனுமதி உண்டா, மழைக்காலத்தில் எத்தனை நாள் மூடுகிறார்கள் என்று வரிவரியாக எழுதினாள். பாஸ் மூவாயிரத்து அறுநூறு. பன்னிரண்டு ஞாயிறு போனால் ஒரு தடவைக்கு முந்நூறுதான். மறுவருடம், "இந்த வருசம் வேணாமே விஜி" என்று கோமதிசங்கர் இழுத்தான். கஞ்சத்தனம் என்று நினைத்துக் கணக்கைக் காட்டினாள். கணக்குக்கு முன்னால் அவன் எப்போதும் தோற்றுவிடுவான். புதுப்பித்தார்கள்.

அந்தப் பாஸ் முடிய ஒரு மாதம் இருக்கும்போது அவன் போய்விட்டான்.

இப்போது அதே டைரியில் புதுப் பக்கம் எடுத்தாள். விலை ஏறியிருந்தது. சாரல் வேர்ல்ட் நாலாயிரத்து இருநூறு, பழைய ஆட்களுக்குப் பதினைந்து சதவீதம் தள்ளுபடி. நீலமுத்து ஏழாயிரத்து ஐந்நூறு. விலையில் மட்டும்தான் சாரல் வேர்ல்ட் முந்தியது. மற்ற வரிகளில் ஒவ்வொன்றாக வலப்பக்கம் ஏறிக்கொண்டே போயிற்று. அங்கே பதினெட்டு சறுக்குகள், இங்கே ஆறு. அங்கே அலைக்குளம், இங்கே இல்லை. அங்கே ஞாயிறுதோறும் கூடப் போக ஆள் உண்டு. இங்கே யார் பெயரைப் போடுவது? தன் பெயரைப் போட்டால் வெள்ளிக்கிழமைதான் போகலாம். அன்று பிள்ளைக்குப் பள்ளிக்கூடம்.

நூலகத்தில் இருபது வருடம் பதிவேடு எழுதிய கை அது. பொய்யாக ஒரு வரி எழுத அவளால் முடியவில்லை. வலப்பக்கம் ஜெயித்தால் பிள்ளையை அனுப்பத்தான் வேண்டும், தன் தனிமைக்காக அவளைப் பிடித்து வைப்பது நியாயமில்லை என்று மனதுக்குள் தீர்மானமாகியிருந்தது. பழைய பக்கத்தில் ஒரு வரி அகப்பட்டது. 'தண்ணீர் சுத்தம். மருந்து வாசனை கொஞ்சமும் இல்லை.' அது அவளே கண்டுபிடித்தது. ஞாயிறு சாயங்காலம் அப்பாவும் மகளும் கொண்டுவரும் ஈரத் துண்டுகளைக் கொடியில் போடும்போது மோந்து பார்த்து எழுதியது. அந்த வரியைப் புதுப் பக்கத்தில் இடப்பக்கம் எடுத்தெழுதி அடிக்கோடும் இட்டாள். நிமிர்ந்தபோது சுகிர்தா பின்னால் நின்று டைரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் கேட்காமல் போய்விட்டாள்.

மே மாத விடுமுறை என்பதால் அடுத்த வெள்ளிக்கிழமை இருவருக்கும் ஒத்துவந்தது. "வா, ஒருநாள் டிக்கெட் எடுத்துப் பாத்துட்டு வந்துருவோம்" என்று மகளை அழைத்துக்கொண்டு மணிமுத்தாறு பஸ்ஸில் ஏறினாள். சாரல் வேர்ல்டுக்கு அவள் போவது அதுதான் முதல் தடவை.

வாசலைத் தாண்டியதும் மூக்கில் அடித்தது குளோரின். கண் எரிகிற அளவுக்கு இல்லை. ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவைக் கழுவிவிட்டது போல எங்கும் அதே வாசனை. விஜயஸ்ரீ நின்றுவிட்டாள்.

"முன்னாடியும் இப்படித்தான் இருக்குமாட்டி?"

சுகிர்தா தோளைக் குலுக்கினாள்.

சறுக்குகளின் பக்கம் போனார்கள். மற்ற பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு ஏணியில் ஏறினார்கள். சுகிர்தா ஏணியின் அடியில் நின்று கைப்பிடியைத் தொட்டாள், எடுத்தாள். "பசிக்கும்மா" என்றாள். மணி பத்தரைகூட ஆகவில்லை.

பப்ஸ் வாங்கிக் கொடுத்து பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, தள்ளுபடியை விசாரிக்கலாம் என்று பாஸ் கவுண்டருக்குப் போனாள். அங்கே இருந்த பெண்ணின் சட்டையில் இசக்கிச்செல்வி என்று பெயர் குத்தியிருந்தது. பழைய போன் நம்பரைக் கேட்டு வாங்கித் தட்டினாள்.

"கோமதிசங்கர், சுகிர்தா. இருக்கு மேடம். தள்ளுபடி உண்டு. ஆனா..." இசக்கிச்செல்வி திரையையும் இவள் முகத்தையும் பார்த்தாள். "நீங்க அதிகம் வர மாட்டீங்க போல. மொத வருசம் ரெண்டு தடவ. அடுத்த வருசம் ஒரு தடவ. உங்களுக்கு எதுக்கு மேடம் பாஸு? வரும்போது டிக்கெட் எடுத்துக்கிடுங்க, அதான் லாபம். நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க."

விஜயஸ்ரீ திரும்பி வந்து மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஏறத்தாழ நூறு ஞாயிற்றுக்கிழமைகள். ஒவ்வொன்றிலும் காலை ஒன்பது மணிக்குத் துண்டும் மாற்றுத் துணியும் எடுத்து வைத்து அனுப்பினாளே.

"மூணு தடவதான் வந்தீங்களா?"

சுகிர்தாவின் வாயில் பப்ஸ் நின்றது. அதை மென்று முழுங்கிவிட்டுத் தலையை ஆட்டினாள்.

"அந்த இருட்டுக் குழாய்க்குள்ள நான் பாதியில உக்காந்துட்டேன்மா. இறங்க மாட்டேன்னு கத்துனேன். அப்பா கீழேருந்து ஏறி வந்து தூக்கிட்டுப் போனாங்க. முழங்கை பூரா அவங்களுக்குச் செராய்ச்சிட்டு."

"படியில வழுக்கிட்டேன்னுல்லா சொன்னாங்க."

"நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். ரெண்டாவது தடவ வந்து சும்மா பப்ஸ் தின்னோம். மூணாவது தடவ பப்ஸ் தீந்துபோச்சு."

"மத்த ஞாயித்துக்கிழமையெல்லாம்?"

"பஸ்ஸுல போவோம்."

"எங்க?"

"கடைசி ஸ்டாப்புக்கு. அம்பையிலேருந்து எந்த பஸ்ஸு கிளம்புதோ அதுல ஏறிக்கிடுவோம். கடைசில இறங்கி டீ குடிச்சிட்டு அதே பஸ்ஸுல திரும்பிருவோம். மாஞ்சோலைக்குக்கூட ரெண்டு தடவ போயிருக்கோம். அப்ப எஸ்டேட்ட மூடல, அங்கன ஆளுங்க இருந்தாங்க." அவள் குரல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. "டிரைவர் சீட்டுக்குப் பின்னால எனக்கு இடம் போட்டு வைப்பாங்க அப்பா. வரும்போது கால்வாய்ல துண்ட முக்கி எடுத்துக்கிடுவோம்."

விஜயஸ்ரீ மகளையே பார்த்தாள். மருந்து வாசனை கொஞ்சமும் இல்லை. அடிக்கோடு வேறு.

"என்கிட்ட ஏன்ட்டி சொல்லல?"

"நீங்க கோடெல்லாம் போட்டு எழுதிருந்தீங்கல்ல. பைய சொல்லுவோம், அம்மா வருத்தப்படுவான்னாங்க அப்பா. ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரம்னாங்க."

முதல் வருடம் ஒரு தடவைக்கு ஆயிரத்து எண்ணூறு. விஜயஸ்ரீயின் மனம் அதுபாட்டுக்குக் கணக்குப் போட்டது. அடுத்த வருடம் ஒரே தடவை, பப்ஸும் கிடைக்காமல், முழுத் தொகை. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு வருடமாகச் சிரித்துப் பழக்கம் விட்டுப்போனதால் அது இருமல் போல வெளியே வந்தது. பக்கத்துப் பெஞ்சுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மழையிலும் வெயிலிலும், ஒரு பொய்யைக் காப்பாற்றுவதற்காகக் கால்வாய்க் கரையில் குனிந்து துண்டை நனைக்கிற அந்த மனிதனை நினைக்க நினைக்கச் சிரிப்பு நிற்கவில்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சுகிர்தா சிரிப்பில் சேரவில்லை. கையிலிருந்த காகிதத்தை மடித்து மடித்துச் சிறிதாக்கிக்கொண்டிருந்தாள்.

"எந்தப் பக்கம்மா ஜெயிச்சுது?" என்றாள்.

"எது?"

"டைரில. ரெண்டு பக்கம் எழுதிருந்தீங்கல்ல. அத்தை பக்கமா, இந்தப் பக்கமா?"

பாய் மேல் படம் வரைந்தவளுக்கு எல்லாம் விளங்கியிருந்தது. விளங்கியும் கேட்கவில்லை. ஒரு வாரமாக, தன்னை எங்கே அனுப்புவது என்று அம்மா கோடு போட்டு விலை பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, கேட்காமல் சாப்பிட்டு, கேட்காமல் தூங்கி எழுந்திருக்கிறாள். அந்த வீட்டுப் பிள்ளை. அதோடு, விஜயஸ்ரீயும் இத்தனை நாளில் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. தூரம், கட்டணம், சறுக்கு எல்லாவற்றுக்கும் வரி இருந்த பக்கத்தில் இவளுக்கு ஒரு வரி இல்லை.

"சுகி, இங்க பாரு. நேராக் கேக்குதேன், நேராச் சொல்லணும். அத்தை வீட்டுல இருந்து படிக்கியா, என்கூட இருக்கியா?"

"உங்ககூட." யோசிக்கவே இல்லை. பிறகுதான் யோசித்தாள். "ஞாயித்துக்கிழமை நான் தனியா இருந்துக்கிடுவேன்மா. கதவப் பூட்டிக்கிடுவேன்."

"தனியா எதுக்கு? நூலகத்துக்கு வா."

"அங்க பேசக் கூடாதே."

"அது வாசகருக்குல்லா. நீ நூலகர் மக. பையப் பேசிக்கிடலாம்."

"அத்தை அழுவாங்களா?"

"அழுவாங்க" என்றாள் விஜயஸ்ரீ. நேராகச் சொல்லச் சொல்லிவிட்டுத் தான் மழுப்ப முடியாது.

அங்கே உட்கார்ந்தபடியே போனை எடுத்தாள். தள்ளிப்போட்டால் மனம் மறுபடியும் பால்காரன், ஜெனரேட்டர் என்று சுற்ற ஆரம்பித்துவிடும். நீலாம்பாள் எடுத்த எடுப்பில், "என்னளா, இரைச்சலா இருக்கு, மழையா?" என்றாள்.

"மழையில்ல மதினி. மதினி, சுகி என்கூடத்தான் இருப்பா. அவகிட்டக் கேட்டுட்டேன். பாஸு எதுவும் வேண்டாம்."

அந்தப் பக்கம் குமரகுருபரன் யாரிடமோ தண்ணீர் மோட்டாரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது மட்டும் கேட்டது.

"எனக்குப் பிள்ளை வேணும்னுதாம்ளா கேட்டேன்" என்றாள் நீலாம்பாள். குரல் உடைந்திருந்தது. "ஸ்கூலு, பாஸு எல்லாம் சும்மா. வீடு வெறிச்சுன்னு கெடக்கு. அவன் முகம் அப்படியே இவளுக்கு இருக்கு."

பன்னிரண்டு வருடத்தில் நீலாம்பாள் நேராகச் சொன்ன முதல் சொல் அது. அதற்குச் சுற்றி வளைத்து ஒரு பதில் சொன்னால் பாவம் என்று விஜயஸ்ரீக்குத் தோன்றியது.

"தெரியும் மதினி. பிள்ளையத் தர முடியாது. ஆனா ஞாயித்துக்கிழமை நீங்க வேணும் எனக்கு. மாசத்துல ரெண்டு ஞாயிறாவது ரெண்டு பேரும் வாங்க. இவளுக்குச் சறுக்கெல்லாம் பிடிக்காது. பஸ்ஸுல கூட்டிட்டுப் போகணுமாம், கடைசி ஸ்டாப் வரைக்கும்."

"பஸ்ஸுலயா? எந்த ஊருக்கு?"

"ஊருக்கெல்லாம் இல்ல. சும்மா பஸ்ஸுல."

"இதென்னளா கூத்து" என்றாள் நீலாம்பாள். மூக்கை உறிஞ்சினாள். "எங்க வீட்டுக்காரருக்கு பஸ்ஸுனா ஆகாது, வாந்தி எடுப்பாரு. நான் வாரேன். காலையில முதல் வண்டிக்கே வந்துருவேன். மதியத்துக்கு என்னமும் செஞ்சு எடுத்துட்டு வரவா? பிள்ளைக்கு இப்ப என்ன பிடிக்கும், தெரியலையே."

விஜயஸ்ரீ பதில் சொல்ல வாயெடுத்தாள். பிறகு, "அதை நீங்களே கேளுங்க மதினி" என்று போனை மகளின் கையில் கொடுத்தாள்.