ஈட்டியும் கேடயமுமான கெர்லிண்ட்

மோசல் ஆற்றங்கரையில் கெர்லிண்ட் பிறந்த நாள் முதல், அவளைச் சுற்றி முப்பது திராட்சை வரிசைகளுக்கு ஆலங்கட்டி விழுந்ததில்லை. பக்கத்துத் தோட்டத்தில் கோழிமுட்டை கனத்தில் விழுந்து கொடிகளைக் கிழித்த நாட்களிலும், இவள் இருக்கும் சரிவில் கட்டிகள் இலைக்கு ஒரு முழம் மேலே சற்று நின்று, தண்ணீராகி இறங்கின. வானம் கறுத்தால் ஊரார் அவளைத் தொட்டிலோடு தோட்டத்துக்குத் தூக்கிப்போனார்கள். நடக்கத் தொடங்கியதும் கைப்பிடித்து அழைத்துப்போனார்கள்.

பெயரைத் தேர்ந்தெடுத்தவள் தாய் ஒட்டிலி. இருநூறு வருஷமாக யாரும் வைக்காமல் தேவாலயத்தின் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டில் கிடந்த பெயர் அது. “இது பேரா, கொல்லன் பட்டறைச் சாமானா?” என்றாள் நாத்தனார் பெர்ட்டா.

“வாய் வலிச்சா நீ கூப்பிடாதே” என்றாள் ஒட்டிலி.

பத்தொன்பது வயதில் கெர்லிண்ட் ட்ரியர் நகரத்துத் தொப்பிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். கடைக்காரி அவளை லிண்டா என்று சுருக்கினாள். கேட்க நாகரிகமாக இருந்தது. ஆகஸ்டில் ஊருக்கு வந்தவள், “இனிமே எல்லாரும் லிண்டான்னே கூப்பிடுங்க” என்றாள். கூப்பிட்டார்கள். மூன்றாம் நாள் மதியம், தோட்டத்தில் நின்ற அவள் நெற்றியை ஆலங்கட்டி பிளந்தது. மேல் சரிவு கால்மணி நேரத்தில் மொட்டையானது. கீழ்ச் சரிவிலும் விழத் தொடங்கியபோது ஒட்டிலி கொடிகளுக்கு நடுவே ஓடிவந்து தொண்டை கிழியக் கத்தினாள்.

“கெர்லிண்ட்! நான் வெச்ச பேரை எங்கடி தொலைச்சே?”

மகள் கண்ணில் வழிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். “தொலைக்கலம்மா. கெர்லிண்ட்தான் நிக்கிறேன்.”

ஆலங்கட்டிகள் அந்தரத்தில் நின்றன. பிறகு தண்ணீராகி இறங்கின. கீழ்ச் சரிவு பிழைத்தது.

பாதிரியார் அகராதியைப் புரட்டினார். கெர் என்றால் ஈட்டி. லிண்ட் என்றால் லிண்டன் மரத்தில் செய்த கேடயம்; மென்மை என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு என்றார்.

“மென்மையா, இவளா?” என்று சிரித்தவள் பெர்ட்டாதான். “எங்க வீட்டுப் பொண்ணு, சாமி. கேடயம்னே எழுதிக்கோங்க.”

கெர்லிண்ட் தொப்பிக் கடைக்குத் திரும்பவில்லை. ஆகஸ்ட் மாதங்களில் மூன்று ஊர்கள் முறைவைத்து அவளை அழைத்தன. நெற்றித் தழும்பு தெரியத் தலைமுடியை இழுத்து வாரிக்கொண்டு, அவசரமில்லாமல் போய் நின்றாள். ஆலங்கட்டி விழுந்த இடங்களை வரைபடத்தில் குறிக்கும் அலுவலர், வாரத்துக்கு வாரம் இடம் மாறும், ஆலங்கட்டியே விழாத ஒரு சிறு வெள்ளைத் திட்டைப் பிழையென்று இரண்டு கோடைகள் மை பூசி மறைத்துப் பார்த்தார். மூன்றாம் கோடையில் அதனுள் ‘கெர்லிண்ட்’ என்று எழுதிவிட்டு, அடுத்த மாவட்டத்தை வரையப் போனார்.