சத்தமில்லாமல் ஏறிய வண்டி

இறந்துபோன கணவரின் மோட்டார் சைக்கிளைக் கொழுந்தன் ஊருக்கு அனுப்ப மினி லாரி வந்து நின்றது. டிரைவரிடம் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அண்ணே, இத ஸ்டார்ட் பண்ணாம ஏத்த முடியுமா?"

"ஸ்டார்ட் பண்ணா தன்னால ஏறிடும்மா. தள்ளி ஏத்தணும்னா முதுகு கழண்டுடும். என் தொப்பைய ஏத்தவே தனியா ஆள் வேணும்."

"பாப்பா உள்ள தூங்குறாண்ணே. சத்தம் கேட்டா அப்பா வந்துட்டார்னு ஓடி வருவா."

டிரைவரின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

போன மாதம் கொழுந்தன் தெரியாமல் ஒருமுறை வண்டியைக் கிளப்பிவிட்டான். நாலு வயதுக் குழந்தை வெறுங்காலோடு ஓடிவந்து, சித்தப்பாவின் முகத்தைப் பார்த்ததும் நின்ற நிற்பை அவளால் மறக்க முடியவில்லை. கணவரை எடுத்துக்கொண்டு போன அன்று குழந்தையை அக்கா வீட்டில் விட்டிருந்தார்கள். 'அப்பா ஊருக்குப் போயிருக்கார்' என்ற பொய்தான் இன்னும் வீட்டுக்குள் நடமாடிக்கொண்டிருந்தது.

டிரைவர் லாரிச் சக்கரங்களுக்குக் கல் வைத்தார். அகலமான சாய்வுப் பலகையைச் சங்கிலியால் லாரியோடு பிணைத்து, மேலே ஏறி மிதித்துப் பார்த்தார்.

எதிர்வீட்டுப் பெரியவர் வெளியே வந்தார். இந்த வண்டிச் சத்தத்துக்காகத் தினமும் அவள் கணவரோடு மல்லுக்கு நின்றவர். "காது கிழியுதுப்பா" என்று அவர் கத்தினால், "உங்களுக்கு அலாரம் வாங்குற வேலை மிச்சம் சார்" என்று இவர் சிரிப்பார்.

"ஏம்மா, ரிப்பேரா? தள்ளப் போறீங்களா?"

அவள் காரணத்தைச் சொன்னாள். பெரியவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வண்டியின் பின்னால் போய் நின்றார்.

"நேர் பின்னால வேணாம் சார். நழுவினா உங்க மேலதான் வரும். பக்கவாட்டுல நின்னு தள்ளுங்க. தங்கச்சி, நான் இந்தப் பக்கம் இழுக்கிறேன். பிரேக் உங்க கையில. நடுவுல என்ன ஆனாலும் கைய மட்டும் எடுக்கக் கூடாது."

"கடவுளே, கூடவே இரு" என்று முணுமுணுத்து, டிரைவர் காலால் ஸ்டாண்டைத் தட்டினார். டக்.

பாதி ஏறியதும் மூச்சு வாங்க நிறுத்தினார்கள். பிரேக்கை இறுக்கியபடி அவள் திரும்பினாள். வாசற்படியில் குழந்தை நின்றிருந்தது.

"பாப்பா..."

"கைய எடுக்காதீங்கம்மா!"

குழந்தை ஓடிவரவில்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தினமும் காலையில் அவர் கிளம்பும்போது முதலில் கேட்பது அந்த ஸ்டாண்டு தட்டும் சத்தம். அதைக் கேட்டதும் எங்கிருந்தாலும் குழந்தை வாசலுக்கு வந்துவிடும்.

"டாட்டா" என்று குழந்தை வண்டியைப் பார்த்துக் கையசைத்தது.

கண்ணீர் அவள் கண்ணை மறைத்தது. பிரேக்கிலிருந்த விரல்கள் மட்டும் அசையவில்லை. "தள்ளுங்க சார்" என்றார் டிரைவர். வண்டி மேலே ஏறியது. நாலு பக்கமும் பெல்ட் போட்டு இறுக்கினார்.

அவள் இறங்கிவந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டாள்.

"அப்பா இனிமே வர மாட்டாராம்மா?"

ஊரைச் சொல்லி மழுப்பும் பொய் வாய் வரைக்கும் வந்தது.

"வர மாட்டார்டா கண்ணு."

குழந்தை அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதது. பெரியவர் கைக்குட்டையைத் தேடிச் சட்டைப் பையைத் துழாவினார்.

லாரி நகர்ந்ததும் குழந்தை தலை நிமிர்ந்து மறுபடி கையசைத்தது. பதிலுக்கு அசைக்க அன்று ஒரு கையையும் கடவுள் அனுப்பியிருந்தார். ஜன்னலுக்கு வெளியே நீண்டிருந்த டிரைவரின் கை, லாரி தெருமுனை திரும்பும் வரை அசைந்துகொண்டே போனது.