பனிக்கு எடுக்காத வண்டி

பனியின் மேல் பழி போடுவது சுலபம். அது வாயைத் திறந்து மறுக்காது. மார்கழி பிறந்ததிலிருந்து செல்வநாயகியின் ஸ்கூட்டர் விடிகாலையில் எடுக்காமல் மல்லுக்கு நின்றதற்கு அவள் புருசன் விருத்தகிரி பனியைத்தான் காரணம் சொன்னான். அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்க வேண்டும். கருவேப்பிலங்குறிச்சி கடைத்தெருவில் மெக்கானிக் கடை வைத்திருப்பவன். சுற்றுப்பட்டு ஊர் வண்டியெல்லாம் அவன் கைபட்டால் கிளம்பும். பொண்டாட்டி வண்டி மட்டும் இருமிக்கொண்டே நிற்கும்.

"வெள்ளாத்துப் பனி. பிளக்குல ஈரம் எறங்கிடுது. நான் என்னா பண்ணட்டும்?" என்பான்.

அந்தக் குளிரிலும் மப்ளரைச் சுற்றிக்கொண்டு எழுந்து வருவான். உதைப்பான், பிளக்கைக் கழற்றித் துடைப்பான், ஊதுவான், மறுபடி மாட்டுவான். அரைமணி நேரம் கழித்து வண்டி பெரிய மனசு பண்ணிப் புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பும். பகலெல்லாம் ஆயிலில் கிடக்கிற மனுசன் தனக்காகப் பனியில் நிற்கிறானே என்று செல்வநாயகிக்கு மனசு இளகிப்போகும். நன்றாக இளகியது, போங்கள்.

அந்த அரைமணி நேரத்தில்தான் அவள் ஆசை முழுவதும் இருந்தது. விருத்தாசலத்தில் பீங்கான் பியூஸ் கட்டை செய்யும் பட்டறையில் அவளுக்குச் செக்கிங் வேலை. சூளையிலிருந்து வரும் கட்டைகளில் நீல மையைத் தடவித் துடைப்பாள். நல்ல கட்டையில் மை நிற்காது. விரிசல் விட்டதில் மட்டும் மயிரிழை மாதிரி நீலக்கோடு ஒட்டிக்கொள்ளும். பதினோரு வருசமாக அவள் விரல்கள் நீலமாகவே இருந்தன. ஆனால் அவள் தள்ளிய கட்டையை யாராவது ஒரு ஆம்பளை எடுத்து, "இதெல்லாம் ஓடும்" என்று நல்லதில் போட்டுவிட்டுப் போவான். சூப்பர்வைசர் ஆனால் அவள் சொல்தான் கடைசிச் சொல்.

பழைய சூப்பர்வைசர் வேலையை விட்டு நின்றதும் முதலாளி தேவநாதன் இரண்டு பேரைக் கூப்பிட்டார். ஒருத்தி செல்வநாயகி. இன்னொருவர் மண்ணைக் கட்டையாக அழுத்தும் பிரஸ் ஓட்டும் மாணிக்கவேல். விருத்தகிரியின் கூடப்பிறந்த அண்ணன், அவளுக்கு மூத்தார்.

"பதினஞ்சு நாளு பாப்பேன். காலையில ஆறு மணிக்கு சூளை தொறக்கறப்ப யாரு தவறாம நிக்கிறாங்களோ, அவங்களுக்குத்தான் வேல," என்றார் தேவநாதன்.

முதல் பஸ்ஸைப் பிடித்தால் ஆறரை ஆகிவிடும். விருத்தகிரிக்கென்று வண்டி கிடையாது. கடையில் நிற்பதெல்லாம் ஊரார் வண்டி. பக்கத்து வீட்டு மாணிக்கவேலின் பைக் தினமும் ஐந்தரைக்கு அவள் வாசலைத் தாண்டிப் போகும். பின்சீட்டு காலிதான். ஆனால் மூத்தாருக்கு நேரே நின்று பேசக்கூடாத குடும்பம் அது. அவர் வந்தால் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு கதவுப்பக்கம் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். அவர் பின்னால் உட்கார்ந்து போவதாவது! அவளும் கேட்க முடியாது, அவரும் கூப்பிட முடியாது. அந்த மரியாதை இரண்டு பேரில் ஒருவருக்கு ரொம்ப வசதியாக இருந்தது.

பதினைந்து நாளில் பன்னிரண்டு நாள் அவள் தாமதம். வியாழக்கிழமை தேவநாதன் மாணிக்கவேல் பேரைச் சொன்னார். "ஒன் கண்ணு கூர்மதாம்மா, யாரு இல்லன்னா? நேரத்துக்கு வர முடியலியே" என்று அவளிடம் ஆறுதலாகப் பேசினார். செல்வநாயகி தலையை ஆட்டினாள். பிறகு பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

வெள்ளிக்கிழமை எதிர்வீட்டு லைட்டே தெரியாத அளவுக்குப் பனி. இனி எப்போது போனால் என்ன என்று கசந்தாலும் பழக்கம் விடவில்லை. ஐந்தேகாலுக்கு வண்டியை வெளியே தள்ளிப் பட்டனை அழுத்தினாள். பட்டென்று எடுத்துக்கொண்டது.

அணைத்தாள். அழுத்தினாள். எடுத்தது. இன்னொரு தடவை அணைத்து அழுத்தினாள். சமர்த்தாக எடுத்தது.

வண்டியை அணைத்துவிட்டுப் பக்க மூடியைத் திறந்து, செல்போன் வெளிச்சத்தில் ரப்பர் தொப்பியைப் பிடுங்கிப் பார்த்தாள். தீபாவளிக்கு முன்னால் விருத்தகிரி வாங்கி மாட்டிய புது பிளக், பீங்கான் இன்னும் வெளுப்பு மாறாமல் இருந்தது. அப்படியென்றால் இத்தனை நாள் அவன் கழற்றிக் கழற்றித் துடைத்த அந்த அழுக்குப் பிளக் எது? உள்ளே போய் ஆணியில் தொங்கிய அவன் சட்டைப் பையைத் துழாவினாள். அங்கே இருந்தது.

கைப்பையில் மைப்புட்டி எப்போதும் இருக்கும். பிளக்கின் பீங்கான் கழுத்தைச் சுத்தமாகத் துடைத்து, மையைத் தடவி, மறுபடி துடைத்தாள். நீலக்கோடு குறுக்கே நின்றது. விரிசல் விட்ட பிளக் பனி நேரத்தில்தான் மக்கர் பண்ணும், வெயில் ஏறினால் தெரியாது என்று அவன் கடையில் யாருக்கோ விளக்கியது அவளுக்கு நினைவு வந்தது.

விருத்தகிரி கொட்டாவி விட்டுக்கொண்டு எழுந்து வந்தான். அவள் பிளக்கை நீட்டினாள்.

"இத எப்ப மாட்டுனீங்க?"

அவன் நீலக்கோட்டைப் பார்த்தான். பொய் சொல்ல நேரம் போதவில்லை.

"அண்ணன் கேட்டுச்சி, நாயகி. தம்பி பொண்டாட்டிக்கி கீழ எப்படிடா வேல செய்யறதுன்னு அழுவாத கொறையா கேட்டுச்சி. பதினஞ்சு நாளுதானன்னு..."

"தெனமும் குளுர்ல வந்து நின்னு ஒதைச்சீங்களே?"

"நீ ஒண்டியா கஷ்டப்படறத பாக்க முடியல." நிஜமாகவே அப்படித்தான் சொன்னான். "அதான் இப்ப சரி பண்ணிட்டேன் இல்ல? இனிமே ஒரே அழுத்துல எடுக்கும், பாரு."

செல்வநாயகிக்கு அழுகை வரவில்லை. பனியில் நின்ற இந்த ஆளுக்காக இளகினோமே என்பதுதான் வேலை போனதைவிட அதிகமாக அவளை எரித்தது. வாசலுக்குப் போய் வண்டியை ஸ்டார்ட் பண்ணினாள். அது உறுமிக்கொண்டு நிற்க, அதை அப்படியே விட்டுவிட்டுத் தெருவின் நடுவில் போய் நின்றாள்.

மாணிக்கவேலின் பைக் விளக்கு பனிக்குள்ளிருந்து வந்து, அவள் முன்னால் தடுமாறி நின்று அணைந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து முதல்முறையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"வண்டி எடுக்கல மாமா."

அவள் பின்னால் ஸ்கூட்டர் சீராக ஓடிக்கொண்டிருந்தது. மாணிக்கவேல் அதைப் பார்த்தார், வாசலில் நின்ற தம்பியைப் பார்த்தார், கடைசியில் கீழே பார்த்தார். செல்வநாயகி பிளக்கை அவர் சட்டைப் பையில் போட்டுவிட்டுப் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். கோலம் போடத் தெருவுக்கு இறங்கி வந்த எதிர்வீட்டு மாரியம்மாளின் மாவுக் கை அந்தரத்தில் நின்றது.

"நாயகி, எறங்கு! ஊரு சிரிக்கும்!" என்று விருத்தகிரி ஓடி வந்தான்.

அவள் திரும்பவில்லை. "கடத்தெரு வழியாவே போங்க மாமா. எல்லாரும் பாக்கட்டும்."

மாணிக்கவேல் பைக்கை உதைத்தார். கால் வழுக்கியதில் எடுக்கவில்லை. மறுபடி உதைத்தார்.

"பனி மாமா," என்றாள் செல்வநாயகி. "நிதானமா ஒதைங்க. நான் ஒக்காந்திருக்கேன்."