ஏழாம் பிளாக்கில் என்ன மருந்து

மலேசியாவில் பகாவ் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் ரோகினிதான் ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணி. எந்த பிளாக்கில் யாருக்கு என்ன வேலை என்பதை அவள் கைப்பேசிச் செயலியில் ஏற்றுவாள். எங்கே என்ன களைக்கொல்லி அடித்தார்கள் என்பதை மருந்தடிக்கும் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் சன்னாசி அதிலேயே ஏற்றிவிடுவார். அன்று காலை அந்தச் செயலிக்காரன் மாதக் கட்டணத்தை மூன்று மடங்காக்கிவிட்டான். கட்டினால்தான் திறப்பேன் என்று பழைய பதிவுகளையும் சேர்த்துப் பூட்டிவிட்டான்.

மேனேஜர் சின்னத்துரைக்குப் பாசாரில் பேரம் பேசி மீன் வாங்கிய பழக்கம். “வேணாம்னு நடந்து போற மாதிரி காட்டு ரோகினி. அவனே பின்னாலேயே கூப்பிட்டு விலையக் குறைப்பான்லா,” என்றார். செயலி எந்தக் காலத்தில் பின்னால் வந்து கூப்பிட்டது? ரோகினிக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆனாலும் சம்பளம் போடுகிறவர் பேச்சு. சரி சார் என்று இருந்துவிட்டாள்.

மத்தியானம் தொழிலாளர் லயத்துத் திலகா மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆபீசுக்குள் ஓடிவந்தாள். பிள்ளையின் வாயெல்லாம் கருநீலம். ஏழாம் பிளாக் ஓரத்தில் காட்டுப்பழம் பறித்துத் தின்றிருக்கிறது. முந்தின நாள்தான் அங்கே மருந்தடித்திருந்தார்கள். வாந்தி நிற்கவே இல்லை.

ரோகினி தன் காரிலேயே இருவரையும் பகாவ் கிளினிக்குக்குக் கொண்டுபோனாள். டாக்டர் முதலில் கேட்டது ஒன்றுதான். “என்ன மருந்து அடிச்சீங்க? அது தெரியாம நான் எதுவும் செய்ய முடியாது.”

தோட்டத்தில் மூன்று மருந்துகளை மாற்றி மாற்றி அடிப்பார்கள். இரண்டு வயிற்றைப் புரட்டிப் போடும், அவ்வளவுதான். மூன்றாவது உள்ளே போனால் பெரிய ஆளே பிழைப்பது கஷ்டம். இது சின்னப் பிள்ளை.

சன்னாசியைக் கூப்பிட்டாள். அவர் பள்ளத்துக் காட்டில் இருந்தார், லைன் போகவில்லை. மேனேஜரைக் கூப்பிட்டாள். அவர் எடுத்ததுமே, “அவசரப்பட்டுக் கட்டிடாத, இறங்கி வருவான்,” என்று சொல்லி வைத்துவிட்டார். திரும்ப அடித்தால் எடுக்கவில்லை.

ரோகினி தன் சொந்தக் கார்டை எடுத்தாள். அவசரத்தில் எண்கள் தப்பின. திரை சிவந்து, மறுபடி போடு என்றது. திலகா மகளின் முதுகைத் தடவியபடி இவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்தத் தடவை எண்கள் சரியாக விழுந்தன. திரையில் வட்டம் சுழலத் தொடங்கியது. இத்தனை நேரம் திறக்கவில்லையே என்று பயந்தவளுக்கு, இப்போது திறந்துவிடுமே என்று பயம் வந்தது. மூடியிருக்கிற வரைக்கும் அது அந்த இரண்டில் ஒன்றாக இருக்கலாமே.

திறந்தது. மூன்றாவது மருந்துதான்.

கைப்பேசியை டாக்டரிடம் நீட்டினாள். அவர் படித்துவிட்டு, சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ் சொல்லும்படி நர்சிடம் மெதுவாக மலாயில் சொன்னார்.

திலகா ரோகினியின் கையைப் பிடித்துக்கொண்டாள். “பேரு கிடைச்சிருச்சாக்கா? மோசமில்லாத மருந்துதானே?”

“ஆமா திலகா,” என்றாள் ரோகினி.