உட்கார்ந்தே ஜெயித்தவள்

திங்கட்கிழமையிலிருந்து ஹெஸ்டர் பிரிடோ கூடார நிழலில் உட்கார்ந்து ஸ்ட்ராபெர்ரி தின்றுகொண்டிருந்தாள். டெவன் கடலோரத்துச் சிற்றூரின் அந்த டென்னிஸ் போட்டியில் அதுதான் வழக்கம். போன வருஷம் ஜெயித்தவள் வாரம் முழுக்க மட்டையைத் தொட வேண்டியதில்லை. மற்றவர்கள் தங்களுக்குள் மோதி ஓய்ந்த பிறகு, மிஞ்சுகிற ஒருத்தியோடு சனிக்கிழமை ஒரே ஓர் ஆட்டம். ஹெஸ்டர் தொடர்ந்து இரண்டு வருஷம் ஜெயித்துவிட்டாள். இன்று சனிக்கிழமை; மூன்றாம் முறையும் ஜெயித்தால் வெள்ளிக் கோப்பை அவளுக்கே சொந்தம். திருப்பித் தர வேண்டாம்.

இந்தத் தடவை மிஞ்சியவள் டாக்டர் மகள் லெட்டிஸ் வேன். பெண்கள் எல்லாரும் சர்வ் பந்தை இடுப்புக்குக் கீழிருந்து பவ்யமாகத் தள்ளிவிடுகையில், இவள் மட்டும் ஆண்களைப் போலக் கையை உயர்த்தித் தலைக்கு மேலிருந்து அடித்தாள். விழுந்த பந்து எழும்பாமல் புல்லோடு புல்லாக வழுக்கி ஓடியது. முதல் நாள் முகத்தைத் திருப்பிக்கொண்ட பாதிரியார் மனைவி, மூன்றாம் நாள் முன்வரிசையில் இடம் பிடித்தாள். ஹெஸ்டருக்கோ ஒரே கேள்வி: அந்தப் பந்து ஏன் எழும்ப மாட்டேன் என்கிறது?

மதியம், கமிட்டிச் செயலாளரான தம்பி ஆம்ப்ரோஸ் வந்து அருகில் குனிந்தான்.

"அக்கா, அந்தப் பொண்ணு சர்வ் போடறது கமிட்டியில ரெண்டு பேருக்குச் சுத்தமாப் பிடிக்கல. நீ ஒரு வார்த்தை புகார் சொன்னாப் போதும், கீழேருந்து போடச் சொல்லிடுவாங்க."

"விதியில அப்படி இருக்கா?"

"இல்ல. நீ சொன்னா வந்துடும்."

"கீழேருந்து போட்டா?"

"கண்ணை மூடிட்டு ஜெயிப்பே."

ஆசை இல்லாமல் இல்லை. முப்பது தாண்டி, கல்யாணமும் ஆகாமல், தம்பி வீட்டில் இருப்பவளுக்குத் தன் பெயர் பொறித்த பொருள் ஒன்று சொந்தமாவது சின்ன விஷயமா? ஹெஸ்டர் எழுந்து கூடாரத்துக்குப் பின்பக்கம் போனாள். லெட்டிஸ் காலணி நாடாவை இறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்ததும் அவள் முகம் வெளிறிவிட்டது.

"புகார் குடுத்துட்டீங்களா?"

"இல்ல. அந்தப் பந்து எப்படி அப்படி வழுக்குது?"

"அதைச் சொல்லிட்டா நான் தோத்துடுவேனே!"

ஹெஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சொல்லாதே. நேர்ல காட்டு. மேலேருந்தே போடு, எல்லாத்தையும்."

ஆட்டம் தொடங்கியது. லெட்டிஸ் போட்ட முதல் பந்து எந்தப் பக்கம் போனதென்றே ஹெஸ்டருக்குத் தெரியவில்லை. அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. வாரம் முழுக்க ஓடி ஓடி லெட்டிஸுக்கு இந்தத் தரை அத்துப்படி. எங்கே புல் தேய்ந்திருக்கிறது, எங்கே மண் தெரிகிறது என்று கால்களுக்கே தெரியும். ஹெஸ்டர் அதை நாற்காலியிலிருந்து பார்த்ததோடு சரி. கோப்பை கைவிட்டுப் போகப்போகிறது. அடுத்த பந்தும் மட்டைக்கு அடியில் நழுவியது. ஆம்ப்ரோஸ் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நின்றான்.

அடுத்ததற்கு இரண்டடி பின்னால் போய், முழங்காலை மடக்கி, மட்டையைத் தரையோடு வைத்துக் காத்திருந்தாள். பந்து மட்டையின் மரவிளிம்பில் பட்டுத் தெறித்து, தேநீர் மேசை மேல் விழுந்து பாதிரியார் மனைவியின் கோப்பையைக் கவிழ்த்தது.

"தொட்டுட்டேன்!" என்று ஊரே திரும்பிப் பார்க்கக் கத்தினாள் ஹெஸ்டர்.

பிறகு இடக்கையால் பாவாடையைக் கணுக்காலுக்கு மேல் அள்ளிப் பிடித்துக்கொண்டு, இன்னும் ஓரடி பின்னால் போனாள். எதிரே வெயிலில் லெட்டிஸின் கை மேலே எழுந்தது.